பழைய பெட்டரியைப் பார்த்துப் புதியதை வாங்காதீர்கள்: ஒரு பல்சரின் பெட்டரி மாற்றம்

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் காலத்துப் பல்சர் 150. இரண்டாம் கையாக வாங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, அது மறுபடி திறக்க 2025 ஆகிவிட்டதால், கொழும்பில் எத்தனையோ பேர் என்னைப் போலப் பழைய பைக்கையே பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஓட்டுகிறவர்களுக்குப் பெட்டரி மாற்றுவது பெரிய வேலை இல்லை. செத்த பெட்டரியைக் கழற்றி ஒரு பையில் போட்டு, கடைக்குக் கொண்டுபோய், "இதே மாதிரி ஒண்டு தாங்க" என்று கேட்டு வாங்கி வருவோம். அந்தப் பழக்கம் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய பெட்டரியே அந்த பைக்குக்குப் பொருந்தாத ஒன்றாக இருக்கலாம். என் பைக்கில் அப்படித்தான் இருந்தது.

காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ரிலே 'டிக்' என்று சத்தம் போடும், மோட்டார் சுற்றாது. கிக் அடித்தால் எடுக்கும். பகலில் கொஞ்சம் ஓடிய பிறகு செல்ஃபும் வேலை செய்யும். அடுத்த நாள் காலை திரும்பவும் அதே 'டிக்'. கேட்டவர்கள் எல்லாரும் பெட்டரி போய்விட்டது என்றார்கள். இருக்கலாம். ஆனால் இதே அறிகுறியை இன்னும் மூன்று கோளாறுகள் காட்டும். முனைகளில் உப்புப் பூத்திருந்தாலும் இப்படித்தான். சார்ஜ் ஏறாவிட்டாலும் இப்படித்தான். நிறுத்தி வைத்திருக்கும்போது ஏதோ ஒன்று கரண்டைத் தின்றுகொண்டிருந்தாலும் இப்படித்தான். அவற்றைப் பார்க்காமல் புதுப் பெட்டரியைப் போட்டால் அதுவும் சில மாதத்தில் இதே நிலைக்கு வந்துவிடும். வேண்டியது சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. மின்சாமான் விற்கும் கடைகளில் சின்ன விலைக்கே கிடைக்கும். பைக் வைத்திருக்கிற எல்லாரிடமும் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பக்க மூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு ரெஜிபோம் துண்டு. பெட்டரிக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே செருகியிருந்தார்கள். பெட்டரி பெட்டியை விடச் சிறியது, ஆடாமல் இருக்க அந்தத் துண்டு. பாசிட்டிவ் வயர் விறைத்து இழுபட்டு, பெட்டரியின் மேலாகக் குறுக்கே போய் முனையை எட்டியிருந்தது. அந்த முனையைச் சுற்றிச் சைக்கிள் டியூப் ரப்பர் கட்டியிருந்தது. ரப்பர் வெடித்து ஒரு பக்கம் பிளந்திருந்தது. அதற்கு ஒரு விரல் அகலத்தில் பைக்கின் சட்டம். அந்தப் பிளவு இன்னும் கொஞ்சம் விரிந்து முனை சட்டத்தில் தொட்டிருந்தால் நேரே ஷோர்ட். நெகட்டிவ் முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். மெரின் டிரைவ் பக்கம் பைக் நிறுத்துகிற எவருக்கும் இந்தப் பூப்பு புதிதில்லை.

சோதனையை இந்த வரிசையில் செய்தேன். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற பைக்கில், திறப்பைப் போடாமல், பெட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் 12.2 வோல்ட். ஈய அமிலப் பெட்டரியில் ஆறு செல்கள், முழுதாக ஏறிய செல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். அதாவது 12.6க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. மூடிய ரகங்களில் நிறைந்த அளவு இன்னும் சற்றுக் கூடி 12.8 வரை காட்டும். மூடியைத் திறந்து தண்ணீர் விடும் ரகங்களில் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு அசிட்டைக் கொஞ்சம் மென்மையாக ஊற்றுவது வழக்கம், அடர்த்தி 1.28க்குப் பதில் 1.25 மாதிரி. அப்படிப்பட்ட பெட்டரி முழுதாக ஏறினாலும் 12.5தான் காட்டும். குளிர் நாட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு நல்ல பெட்டரியைத் தூக்கிப் போடுவது இதனால்தான் நடக்கிறது.

அடுத்து, முனைகளில் பூட்டியிருக்கும் வயர்களின் தலைகளில் மீட்டரை வைத்து, செல்ஃபை அழுத்திக்கொண்டே பார்த்தேன். 8.7க்கு விழுந்தது. நல்ல பெட்டரி என்றால் இந்த நேரத்தில் 10ஐ ஒட்டி நிற்கும், 9.6க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. மீட்டரின் ஒரு கம்பியைப் பெட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை அதில் பூட்டியிருக்கும் வயரின் தலையிலும் வைத்து மறுபடி செல்ஃபை அழுத்தினால் 0.6 வோல்ட். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற உலோகங்கள், நடுவே எதுவும் விழக்கூடாது. அந்த 0.6 முழுக்க உப்புப் படலம் தின்றது. வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். நுரைத்துக் கழன்று வந்தது. துடைத்து, உலர்த்தி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பூட்டிய பிறகு அந்த இழப்பு கிட்டத்தட்டப் பூச்சியம். பாதிப்பேருக்கு இந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். எனக்கு ஓரளவு தேறியது, 9.1 வந்தது, தீரவில்லை.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு எஞ்சினை ஓடவிட வேண்டும். நிலைவேகத்தில் லைட்டைப் போட்டுப் பார்த்தால் 13.1, 4000 சுற்றுக்கு ஏற்றினால் 14.2. அங்கே நின்றது, மேலே போகவில்லை. இந்த 14.2 முக்கியமான எண். இந்த வேகத்தில் 13.5க்குக் கீழே இருந்தால், எஞ்சினில் கரண்டை உண்டாக்கும் ஸ்டேட்டரில் அல்லது அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு, புதுப் பெட்டரி உதவாது. 15ஐ எட்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, புதுப் பெட்டரியைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிடும். எந்த ரகப் பெட்டரி போடலாம் என்று பிறகு முடிவெடுத்ததும் இந்த எண்ணை வைத்துத்தான்.

கடைசியாகக் கசிவு. நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை மில்லி அம்பியரில் வைத்தேன். இந்த நிலையில் திறப்பைத் திருப்பவோ செல்ஃபை அழுத்தவோ கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். 22 மில்லி அம்பியர் காட்டியது. சும்மா நிற்கிற பைக் இவ்வளவு இழுக்கக் காரணமில்லை. முன்னைய உரிமையாளர் பூட்டிய அலாரத்தின் சொக்கட்டைக் கழற்றியதும் 1க்குக் கீழே வந்துவிட்டது. பெட்டரியின் கொள்ளளவை அம்பியர் மணியில் சொல்வார்கள்: ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் போனால் ஒரு அம்பியர் மணி. 22 மில்லி அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.53 அம்பியர் மணி. உள்ளே இருந்தது 6 அம்பியர் மணிப் பெட்டரி. ஓடாமல் நின்றால் பதினொரு நாளில் காலி, ஆறு நாளுக்குள் பாதி. ஈய அமிலப் பெட்டரிக்குக் காலியாவதை விடக் காலியாகக் கிடப்பது மோசம். தகடுகளில் ஈய சல்பேட் படிந்து, நாள் போகப் போகக் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. 2022இல் பெட்ரோல் தட்டுப்பாட்டில் வாரக்கணக்கில் வண்டிகள் நின்றபோது கொழும்பில் பல பெட்டரிகள் செத்தது இப்படித்தான். ஓடி அல்ல, நின்றே செத்தன.

பெட்டரியைக் கழற்றி 0.6 அம்பியரில் ஓர் இரவு சார்ஜ் போட்டேன். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பாதுகாப்பான கணக்கு. சார்ஜரைக் கழற்றியதும் 12.9 காட்டியது. ஒரு நாள் சும்மா வைத்தபோது 12.3க்கு இறங்கிவிட்டது. பூட்டிச் செல்ஃப் அழுத்தினால் மறுபடி 9. அப்போதுதான் முடிவு செய்தேன், பெட்டரி போனது உண்மை. ஆனால் அது தனியாகப் போகவில்லை, அலாரமும் உப்பும் சேர்ந்து கொன்றிருக்கின்றன.

சரி, எதைப் போடுவது?

உள்ளே இருந்ததன் மேல் வைடிஎக்ஸ்7எல்-பிஎஸ் என்று இருந்தது. இந்தப் பெயர்கள் குழப்பமாகத் தெரியும், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். எண் அளவைக் குறிக்கிறது, அம்பியர் மணியை அப்படியே சொல்வதில்லை. வைடிஎக்ஸ்7எல் 6 அம்பியர் மணி, வைடிஎக்ஸ்9 8 அம்பியர் மணி, வைடிஎக்ஸ்5எல் 4 அம்பியர் மணி. எல் என்ற எழுத்து முனைகளின் பக்கத்தைச் சொல்கிறது. முனைகள் நம் பக்கம் இருக்கும்படி பெட்டரியை வைத்துப் பார்த்தால், எல் இருந்தால் பாசிட்டிவ் வலது பக்கம், எல் இல்லாவிட்டால் இடது பக்கம். பிஎஸ் என்றால் அசிட் தனிப் போத்தலில் வரும் என்று பொருள்.

என் பைக்கின் பெட்டி வைபி9-பிக்காகச் செய்தது. 9 அம்பியர் மணி, 135க்கு 75, உயரம் 139 மில்லி மீட்டர், பாசிட்டிவ் இடது பக்கம். இதே அளவு 12என்9-4பி-1 என்ற பெயரிலும் வரும். உள்ளே இருந்த 7எல் 113க்கு 70, உயரம் 130, பாசிட்டிவ் வலது பக்கம். இப்போது அந்த ரெஜிபோமும் இழுபட்ட வயரும் டியூப் ரப்பரும் ஏன் வந்தன என்று விளங்குகிறது. யாரோ ஒரு நாள் கடையில் 9 இல்லை என்றதும் இருந்ததைப் பூட்டிவிட்டிருக்கிறார்கள். நான் அதையே கொண்டுபோய் "இதே மாதிரி" கேட்டிருந்தால் எனக்கும் இன்னொரு 7எல்தான் கிடைத்திருக்கும். அதனால் பழைய பெட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பெட்டியின் உள்ளளவை அடிமட்டத்தால் அளந்து, வயர்கள் எந்தப் பக்கம் வருகின்றன என்று போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

அம்பியர் மணியைப் பற்றி ஒரு பேச்சு கராஜ்களில் உலவுகிறது. கூடிய அம்பியர் மணி போட்டால் ஸ்டேட்டர் எரிந்துவிடும் என்று. இது சரியில்லை. பெட்டரி தனக்குக் குறைந்ததைத்தான் இழுக்கிறது. ஒரு தடவை செல்ஃப் அடிக்க ஏறத்தாழ 60 அம்பியர் மூன்று விநாடி போகிறது என்று வைத்தாலும் 0.05 அம்பியர் மணிதான். அதை ஸ்டேட்டர் சில நிமிட ஓட்டத்தில் திருப்பிக் கொடுத்துவிடும், பெட்டரி 7 ஆனாலும் 9 ஆனாலும் கொடுக்க வேண்டியது அதே 0.05. பெரியது போட முடியாததற்கு உண்மையான காரணம் பெட்டியின் இடம். சின்னது போடக்கூடாததற்கு வேறு காரணம். அதே வேலைக்கு அதன் கொள்ளளவில் பெரிய பங்கு போகிறது, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் ஆழமாக விழுகிறது, கசிவு அதைச் சீக்கிரம் காலியாக்குகிறது. கணக்குப் பாருங்கள்: அதே 22 மில்லி அம்பியர் அலாரம் 9 அம்பியர் மணிப் பெட்டரியைக் காலியாக்கப் பதினேழு நாள் எடுக்கும்.

இனி ரகம். தண்ணீர் விடும் பழைய ரகம், மூடிய ரகம், லித்தியம் என்று மூன்று வழி இருந்தது. லித்தியத்தை உடனே விட்டுவிட்டேன். எடை மூன்றில் ஒரு பங்குதான், ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பல மடங்கு விலை. தவிர, பத்து வருடத்துக்கு மேல் பழைய ரெகுலேட்டரை நம்பி அதைப் போட எனக்குத் துணிவில்லை. 14.6ஐத் தாண்டினாலே அதற்கு ஆகாது. அதன் மேல் எழுதியிருக்கும் அம்பியர் மணியும் பல வேளைகளில் ஈயப் பெட்டரிக்குச் 'சமமான' அளவு என்ற கணக்கு, உண்மையான கொள்ளளவு அதைவிடக் குறைவு. அலாரம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மற்ற இரண்டுக்கும் நடுவே எதைத் தெரிவது என்பதில் நான் கொஞ்சம் யோசித்தேன். தண்ணீர் விடும் ரகத்துக்கு ஆதரவாக ஒரு நல்ல காரணம் உண்டு. நம் ஊர் வெப்பம். வெப்பம் 10 பாகை கூடினால் ஈயப் பெட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, கொழும்பில் பகலில் 30 பாகை என்பது வருடம் முழுக்க. மூடிய பெட்டரி உள்ளே காய்ந்துபோனால் ஒன்றும் செய்ய முடியாது. திறக்கும் ரகத்துக்கு டிஸ்டில் வோட்டர் விட்டு உயிர் கொடுக்கலாம். ரெகுலேட்டர் 14.8, 14.9 என்று கொஞ்சம் கூடக் கொடுக்கிற பைக்குக்கு, அதை மாற்ற வசதி வரும்வரை, நான் இந்த ரகத்தையே சொல்வேன். ஆனால் அதற்கு மாதம் ஒரு முறை மூடியைக் கழற்றி இரண்டு கோட்டுக்கும் நடுவே தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கிற ஆள் வேண்டும். கழிவுக் குழாய் நசுங்காமல் கீழே வரை போகவும் வேண்டும். இல்லாவிட்டால் அசிட் ஆவி சட்டத்தை அரித்துவிடும், கடற்காற்றோடு இதுவும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. என் ரெகுலேட்டர் 14.2இல் ஒழுங்காக நிற்கிறது. ஆகவே வைபி9 அளவிலேயே வரும் மூடிய ரகம் என்று முடிவெடுத்தேன்.

பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மருதானைப் பக்கம் உதிரிப்பாகம் தேடுகிறவர்களுக்கு அந்த வீதியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் கடையில் 9 இல்லை. "தம்பி, 7 போடுங்க, எல்லாரும் போடுறாங்க, ஓடும்" என்றார். நன்றி சொல்லி வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் நல்ல பெயருள்ள பிராண்டில் அளவான பெட்டரி இருந்தது. பெட்டியில் இருந்து எடுக்கச் சொல்லித் தயாரித்த மாதத்தைத் தேடினேன். ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தது. மீட்டரை வைத்தால் 12.3. கடைக்காரர் சங்கடப்பட்டு, "சார்ஜ் போட்டுத் தாறேன்" என்றார். சார்ஜ் போட்டால் எண் ஏறும், கெட்டிப்பட்ட சல்பேட் இறங்காது. அவரோடு வாக்குவாதப்படவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது கடையில் வயதான ஒரு நானா இருந்தார். படத்தையும் அளவையும் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு 7 போட்டது ஆரு?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. உள்ளே போய் ஒன்றைக் கொண்டு வந்தார். அவ்வளவாகக் கேள்விப்படாத பிராண்ட். மூன்று மாதத்துக்கு முன் தயாரித்தது. மீட்டரில் 12.81. நான் கேட்காமலே பெட்டரியில் இருந்து பெரிய கரண்டை இழுத்துப் பார்க்கும் தன் லோட் டெஸ்டரைப் பூட்டி அழுத்திக் காட்டினார், முள் பச்சையில் நின்றது.

"நானா, அந்தப் பெயரான பிராண்ட் இல்லையா?"

"இருக்கு தம்பி, ஆனா பழைய ஸ்டொக். பேரைப் பூட்டி ஓட ஏலாது."

அவர் சொன்னது சரி. தொழிற்சாலையிலேயே அசிட் நிரப்பி மூடி வரும் பெட்டரிக்கு நிரப்பிய அன்றே வயது ஓடத் தொடங்குகிறது. அலுமாரியில் கிடந்தாலும் மாதத்துக்குச் சில வீதம் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும், வெப்பமான கடையில் இன்னும் வேகமாக. நல்ல பிராண்டின் ஒரு வருடப் பழைய பெட்டரியும் சாதாரண பிராண்டின் புத்தம் புதியதும் பக்கத்தில் இருந்தால் நான் புதியதைத்தான் எடுப்பேன். அசிட் தனியாக வருகிற ரகத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. தகடுகள் காய்ந்தபடி, முத்திரை உடையாமல் இருந்தால் பழைய ஸ்டொக் ஆனாலும் பரவாயில்லை, அசிட் ஊற்றுகிற நேரம்தான் அதன் பிறப்பு. ஆனால் ஊற்றிய உடனே பூட்டிக்கொண்டு ஓடக்கூடாது. ஊற்றியதும் அது ஏறத்தாழ 80 வீதம்தான் ஏறியிருக்கும். அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மிச்சத்தை மெதுவாகச் சார்ஜ் போட்டு நிரப்பிய பிறகே பூட்ட வேண்டும். பல கடைகளில் அதற்குப் பொறுமை இல்லை, வாங்குகிறவருக்கும் இல்லை. முதல் நாளில் நிரப்பாத அந்த மிச்சத்தைப் பைக்கின் ஸ்டேட்டர் பிறகு நிரப்பும் என்று நம்ப முடியாது, அதுவும் காலி வீதியின் நெரிசலில் நிலைவேகத்திலேயே பாதி நேரம் நிற்கிற பைக்கில்.

பூட்டுவது பத்து நிமிட வேலை. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது பாசிட்டிவ் முதலில். ஏனென்றால் பைக்கின் சட்டம் முழுவதும் நெகட்டிவ். நெகட்டிவ் பூட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகுகிற ஸ்பெனர் சட்டத்தில் தொட்டால் பொறி பறக்கும். புதிய பெட்டரி பெட்டிக்குள் நேராக இறங்கி உட்கார்ந்தது, ரெஜிபோமுக்கு இடமே இல்லை. பாசிட்டிவ் வயர் தளர்வாக வளைந்து தன் முனைக்கு வந்தது, அதன் சிவப்பு ரப்பர் தொப்பியும் இடத்தில் மூடிக்கொண்டது. நட்டுகளை இறுக்கிய பிறகு மேலே மெல்லிதாக வாசலின் பூசினேன். பூட்டுவதற்கு முன் பூசத் தேவையில்லை, உலோகத்தோடு உலோகம் நேரே சேர வேண்டும், வாசலின் கடற்காற்றை வெளியே நிறுத்தத்தான்.

செல்ஃப் அழுத்தும்போது இப்போது 10.6. ஓடும்போது 14.2, முன்போலவே. அலாரத்தை முழுதாகக் கழற்றிவிட்டேன், பதிலுக்கு முன் டிஸ்க்கில் பூட்டு ஒன்று. அலாரம் கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் பைக்கை நாள்கணக்கில் ஓடாமல் நிறுத்தி வைக்காதீர்கள், அல்லது வீட்டில் ஒரு சின்னத் தானியங்கிச் சார்ஜரை வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகும்போது நெகட்டிவ் வயரைக் கழற்றி வைப்பதும் போதும்.

பழைய 7எல்லை நானாவிடமே கொடுத்துவிட்டேன். எடை பார்த்து விலையில் கழித்தார். உள்ளே இருப்பது ஈயமும் அசிட்டும் என்பதால் அதைக் குப்பையோடு போடக்கூடாது, பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் கொடுப்பதும் நல்லதில்லை. அவர்களில் சிலர் உடைத்து அசிட்டைக் கானில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுக்கிறார்கள். உத்தரவாத அட்டையில் நானா திகதி எழுதி முத்திரை குத்தித் தந்தார். அதே திகதியை ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பெட்டரியின் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறேன், 12.81, 10.6, 14.2 என்ற மூன்று எண்ணையும் சேர்த்து. அடுத்த முறை மூடியைக் கழற்றுகிறவர் நானாக இருந்தாலும், என்னிடம் இந்த பைக்கை வாங்கப்போகிறவராக இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.